தொட்டுக்கொள்ள என்ன? பப்பில் ஒரு மதியச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்த கதை

அடுத்த மாதம் அக்கா குடும்பம் நான் இருக்கும் லீட்ஸுக்கு, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிக்கு, வருகிறது. ஒரு சனி, ஒரு ஞாயிறு, அவ்வளவுதான் என்னோடு இருப்பார்கள். "ஒரு வேளையாவது அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற மாதிரி பப்பில் உட்கார்ந்து சாப்பிடணும், என்ன வாங்கித் தரப்போறே?" என்று அக்கா போனில் கேட்டாள். அவள் சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வாள். அத்தான் கோழி, ஆடு, மீன், பன்றி எல்லாம் சாப்பிடுவார், மாட்டுக்கறி மட்டும் தொடமாட்டார். பிள்ளைகள் இருவருக்கும் உருளைக்கிழங்கு இருந்தால் போதும். இந்த ஒரு வேளைக்காக ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே படிக்க வந்தவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கும் இதே கேள்வி வரும் என்பதால் யோசித்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். பப் என்றவுடன் நம் ஊர் பார் நினைவுக்கு வரக்கூடாது. மதிய வேளையில் அது குடும்பத்தோடு போகும் இடம். பாட்டிகள் இருப்பார்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள் இருக்கும், மேசைக்கடியில் நாய் படுத்திருக்கும். குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. பெரும்பாலான பப்களில் மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய், சொல்லிவிட்டு, பணத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். யாராவது வந்து கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தால் நேரம்தான் போகும்.

சரி, எதை வாங்குவது? பப்புக்குப் பப் பட்டியல் மாறினாலும் பழைய வழக்கத்துச் சாப்பாடு என்று பார்த்தால் நான்கில் ஒன்றில்தான் வந்து நிற்போம்: இறைச்சியை அடுப்பில் சுட்டுக் காய்களோடு தரும் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், பை (pie), மீனும் சிப்ஸும் (இங்கே சிப்ஸ் என்றால் தடித்த உருளை வறுவல்), அப்புறம் உழவன் சாப்பாடு என்று பொருள்படும் ப்ளவ்மன்ஸ் லஞ்ச். தட்டின் நடுவில் இருப்பதை வைத்துத்தான் எல்லோரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நடுவில் இருப்பது வெந்த இறைச்சி, பொரித்த மீன், ஒரு துண்டு சீஸ். உப்பைத் தவிர அதில் பெரிதாக எதுவும் சேர்ந்திருக்காது. காரம், புளிப்பு, இனிப்பு எல்லாம் தட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் "தொட்டுக்க என்ன?" என்று கேட்போமே, அந்தக் கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுத்தால் பப் சாப்பாடு ஏமாற்றாது என்பது இத்தனை வருடத்தில் நான் கண்டது.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் ரோஸ்ட்டில் ஒரு இலக்கணமே இருக்கிறது. எந்த இறைச்சிக்கு எது துணை என்பது முன்பே முடிவானது. மாட்டுக்கறிக்கு ஹார்ஸ்ராடிஷ். அது ஒரு கிழங்கு. துருவி கிரீமில் கலந்து வைப்பார்கள். நாக்கில் காரம் தெரியாது, நேரே மூக்கில் ஏறும். ஆட்டுக்குப் புதினா சாஸ். நம் புதினாச் சட்னியை எதிர்பார்த்துத் தொடக்கூடாது. பொடியாக நறுக்கிய புதினா, வினிகர், சர்க்கரை, அவ்வளவுதான். கொழுப்பான ஆட்டுக்கறியோடு வாயில் போட்டால்தான் அதன் அருமை புரியும். பன்றிக்கு வேகவைத்து மசித்த ஆப்பிள், கூடவே மொறுமொறுவென்று பொரிந்த அதன் தோல். கோழிக்கு ரொட்டித்தூளைப் பாலில் காய்ச்சிச் செய்யும் பிரெட் சாஸும், சேஜ் இலையும் வெங்காயமும் சேர்த்த ஸ்டஃபிங்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக உருளை ரோஸ்ட், கேரட், முட்டைக்கோஸ், சில இடங்களில் பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கு, எல்லாவற்றையும் சேர்த்து வைக்க கிரேவி.

யார்க்‌ஷயர் புட்டிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயரில் புட்டிங் இருந்தாலும் இனிப்பு கிடையாது. மைதா, முட்டை, பால் கரைத்த நீர்த்த மாவைப் புகை வரச் சூடாக்கிய கொழுப்பில் ஊற்றி அடுப்பில் வைத்தால் கிண்ணம்போல் உப்பி எழும். 1747ல் அச்சான சமையல் புத்தகத்திலேயே இந்தப் பெயர் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இதைக் கிரேவியோடு முதலில் பரிமாறிவிடுவார்களாம். பசி பாதி அடங்கிவிட்டால் விலை கூடிய இறைச்சி கொஞ்சம் போதுமே. உப்பிய கிண்ணத்தின் அடிப்பகுதி கிரேவியில் ஊறி மெத்தென்றும் விளிம்பு மொறுமொறுவென்றும் இருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் ரோஸ்ட்டின் உச்சம்.

ரோஸ்ட்டின் சிக்கலும் அங்கேதான். பன்னிரண்டு மணிக்கு அடுப்பிலிருந்து வந்த புட்டிங் மூன்று மணிக்கு வேறு பொருள். இறைச்சி சூடு பெட்டியில் கிடந்து வறண்டுபோகும், உருளை தோல் சுருங்கும். ஒரு பப்பில் ஞாயிறு மூன்றரை மணிக்குப் போய், ஆறிப்போன கிரேவி ஆடை கட்டி நிற்க, தோல்வார்போல இருந்த இறைச்சியை மென்றுகொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து ரோஸ்ட் என்றால் முதல் பந்தி, அதுவும் முன்பதிவோடு. அப்புறம் ரோஸ்ட் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். மற்ற நாளில் ரோஸ்ட் என்று போட்டிருந்தால் அது அன்றைக்குச் செய்ததுதானா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ரோஸ்ட்டில் ஒளிந்திருக்கும் பிரச்சினை மாட்டுக்கொழுப்பு. கோழி ரோஸ்ட் கேட்டாலும் உருளையும் புட்டிங்கும் மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வெந்திருக்கலாம். கிரேவி எல்லாத் தட்டுக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து வரலாம். இப்போது பல பப்களில் தாவர எண்ணெய்தான், சைவக் கிரேவியும் தனியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்காமல் தெரியாது. சைவத்துக்கு நட் ரோஸ்ட் என்று கொட்டைகளும் காய்களும் சேர்த்துச் சுட்ட ஒரு கட்டி தருவார்கள். நன்றாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். ஆனாலும் மற்றவர் தட்டிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையோ வைத்த மாதிரி ஒரு உணர்வு வராமலிருக்காது. விருந்தாளியாக வருபவளுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பை என்பது மாவுக்கூட்டுக்குள் கறியை அடைத்துச் சுட்டது. பப்களில் புகழ்பெற்றது மாட்டுக்கறியை ஏல் என்னும் பீரில் மெதுவாக வேகவைத்துச் செய்வது. இங்கே ஒரு பெரிய வழக்கு உண்டு: கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே மட்டும் பஃப் மாவு மூடி வைத்தால் அது பையா? இல்லை என்பவர்கள் பக்கம் நான். அடியும் பக்கமும் மாவாக இருந்தால்தான் குழம்பு உள்ளிருந்து ஊறி, அடிமாவு பாதி குழம்பாகவே மாறும். வெறும் மூடியில் அது நடக்காது. அதனால் வாங்குமுன் "நாலு பக்கமும் மாவு உண்டா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. பைக்குத் துணை மசித்த உருளை, பட்டாணி, தனிக் கிரேவி, கொஞ்சம் ஆங்கிலக் கடுகு விழுது. அந்தக் கடுகு மஞ்சள் நிறத்தில் சாதுவாகத் தெரியும். நார்விச் அருகே 1814ல் தொடங்கிய கோல்மன்ஸ் நிறுவனத்தின் கடுகை முதல் தடவை தக்காளி சாஸ்போல எடுத்துவிட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கத்தி முனையளவு போதும்.

நவம்பர் முதல் மார்ச் வரை, வெளியே தூறிக்கொண்டிருக்கும் நாளில், கணப்பு எரியும் பப்பில் பைதான் என் முதல் தேர்வு. ஆகஸ்டில் அக்கா வரும்போது அது வேண்டாம். மாட்டுக்கறி வேண்டாதவர்களுக்குக் கோழியும் லீக்ஸ் என்ற வெங்காய வகையும் சேர்ந்த பை பல இடங்களில் கிடைக்கும். இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷெப்பர்ட்ஸ் பை என்றால் ஆடு, காட்டேஜ் பை என்றால் மாடு. இரண்டிலும் மேலே மசித்த உருளைதான், மாவே கிடையாது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

சாசேஜும் மசித்த உருளையும், வெங்காயக் கிரேவியோடு, நல்ல சாப்பாடுதான். பெரும்பாலும் பன்றி. அத்தானுக்கு ஒரு மாற்று ஏற்பாடாகக் குறித்துவைத்திருக்கிறேன்.

மீனும் சிப்ஸும் உலகத்துக்கே தெரிந்தது. இரண்டாம் உலகப்போரில் இறைச்சி, சீஸ், சர்க்கரை எல்லாம் பங்கீட்டில் இருந்தபோதும் இதற்கு மட்டும் பங்கீடு வைக்கவில்லை. தெற்கே காட் மீன் கேட்பார்கள், யார்க்‌ஷயரில் ஹாடக். ஹாடக் சதை கொஞ்சம் இனிப்பாக இருக்கும், எனக்கும் அதுதான் பிடிக்கும். துணைக்கு டார்ட்டர் சாஸ், எலுமிச்சை, மால்ட் வினிகர், மசித்த பட்டாணி. அந்தப் பட்டாணி, சுண்டலுக்கு நாம் ஊறவைப்பதைப்போலக் காய்ந்த பட்டாணியைச் சோடா உப்பில் இரவு முழுக்க ஊறவைத்துக் குழைய வேகவைப்பது. வினிகர் ஊற்றிச் சாப்பிட்டால் நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். உறைந்த பச்சைப் பட்டாணியையும் ஒரு தேர்வாக வைத்திருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள்.

பொதுவாக யாராவது கேட்டால் மீனைப் பப்பில் வாங்காதீர்கள், சிப்ஸ் கடையில் வாங்குங்கள் என்பேன். கடையில் எண்ணெய் நாள் முழுக்கக் கொதிக்கிறது, மீன் வந்து வந்து தீர்கிறது. வரிசையில் நிற்பவரின் கண் முன்னே பொரித்துத் தருகிறார்கள். அந்த மொறுமொறுப்பு பப் சமையலறையில் எளிதில் வராது. ஆனால் அத்தானுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. யார்க்‌ஷயரின் பல சிப்ஸ் கடைகளில் இன்றும் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். அதுதான் எங்கள் சுவை என்று பெருமையாகவே பலகையில் எழுதியிருப்பார்கள். பப்களில் அனேகமாகத் தாவர எண்ணெய். அதனால் மாட்டுக்கொழுப்பு ஆகாதவர்கள் இந்தப் பகுதியில் மீன் சாப்பிட வேண்டுமானால் பப்தான் வசதி. சைவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: மீன் பொரித்த எண்ணெயிலேயே சிப்ஸும் பொரிக்கப்படலாம். பல பப்களில் மீனுக்கு மாவு கரைப்பதே பீரில்தான், மது ஆகாதவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ப்ளவ்மன்ஸ் லஞ்ச். ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஊறுகாய் வெங்காயம், ஒரு ஊறுகாய், ஒரு ஆப்பிள், கொஞ்சம் பச்சை இலை. சில இடங்களில் பன்றித்தொடை, பாதி முட்டை, அல்லது ஒரு துண்டு போர்க் பை. சமைத்தது என்று எதுவுமே இல்லை. மெனுவில் பார்த்தால் இதற்கா பணம் கொடுப்பது என்று தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது. இந்தப் பக்கத்து மால்ஹாம் கிராமத்தில் உயரமாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை மதிலின் பக்கவாட்டுப் படிகளில் ஏறி இறங்கி, கால் ஓய்ந்து, பசியோடு ஒரு வெளி மேசையில் உட்கார்ந்து இதைச் சாப்பிட்ட நாளில் என் எண்ணம் மாறியது.

பெயரைக் கேட்டால் நூற்றாண்டுக் கணக்கான வழக்கம் என்று நினைப்போம். ரொட்டி, சீஸ், பீர் சேர்ந்த சாப்பாடு பழையதுதான், வயலுக்கு எடுத்துப் போனதும் உண்மைதான். ஆனால் பப் மெனுவில் இந்தப் பெயர் ஊன்றியது 1950களிலும் 60களிலும். போர்க்காலச் சீஸ் பங்கீடு 1954 வரை நீடித்தது. பல வருடம் சீஸை வாரத்துக்குச் சில துண்டுகள் என்று வாங்கிப் பழகிவிட்டவர்களை மறுபடி சீஸ் பக்கம் திருப்ப, சீஸ் வியாபாரத்துக்காக இயங்கிய அமைப்பும் பின்னர் பால் விற்பனை வாரியமும் இந்தச் சாப்பாட்டைப் பப் பப்பாகப் பரப்பின. இது தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை. நல்ல பழக்கத்தை யார் நினைவுபடுத்தினால் என்ன?

முழுக்க முழுக்கத் தொட்டுக்கொள்வதால் மட்டுமே நிற்கும் சாப்பாடு இது. சீஸ் கொழுப்பும் உப்பும். தனியாக நாலு வாய்க்குமேல் திகட்டும். அங்கே மால்ட் வினிகரில் ஊறிய சின்ன வெங்காயத்தைக் கடித்தால் நாக்கு கழுவிவிட்டதுபோல் ஆகும், மறுபடி சீஸ் கேட்கும். தயிர்சாதமும் ஊறுகாயும் மாறி மாறி இழுப்பது போலத்தான். பழுப்பு நிறத்தில் வரும் இனிப்புப் புளிப்பு ஊறுகாய் பெரும்பாலும் பிரான்ஸ்டன் வகை. 1922ல் ஸ்டாஃபர்ட்‌ஷயரின் பிரான்ஸ்டன் என்ற ஊரில் தொடங்கியதால் அந்தப் பெயர். டர்னிப் வகையான ஸ்வீட் (swede) கிழங்கு, கேரட், காலிஃபிளவர், வெங்காயம் எல்லாம் பொடித்துண்டுகளாக, பேரீச்சம்பழத்தின் இனிப்போடு இருக்கும். மஞ்சளாக வருவது பிக்கலில்லி: காலிஃபிளவரும் வெள்ளரிப்பிஞ்சும் மஞ்சளும் கடுகும் வினிகரும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் இதற்கு இந்திய ஊறுகாய் என்றே பெயர். நல்லெண்ணெயும் வெயிலும் இல்லாத ஊரில், வினிகரை வைத்து நம் பக்கத்து ஊறுகாயைப் பிடிக்க முயன்றிருக்கிறார்கள். அக்காவுக்கு முதலில் இதைத்தான் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பல பப்களில் சட்னி என்றும் ஒன்று வைப்பார்கள். பெயர் நம்முடையது, பொருள் ஆப்பிளோ வெங்காயமோ சர்க்கரையில் வெந்த ஜாம்.

சீஸுக்கு வருவோம். செடார் எங்கும் இருக்கும். முற்றிய செடாராகக் கேளுங்கள், உதிரும்போது நாக்கின் பக்கங்களில் சுருக்கென்று பிடிக்க வேண்டும். நீலம் பாய்ந்த ஸ்டில்டனை டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் மூன்றில் மட்டும்தான் அந்தப் பெயரில் செய்யலாம். பெயர் கொடுத்த ஸ்டில்டன் கிராமம் கேம்பிரிட்ஜ்‌ஷயரில் இருப்பதால் அங்கே செய்ய அனுமதியில்லை. எங்கள் பக்கத்துச் சீஸ் வென்ஸ்லிடேல்: வெள்ளை, லேசான புளிப்பு, விரலில் உதிரும். ஹாஸ் ஊரிலிருக்கும் அதன் ஆலை 1992ல் மூடப்பட்டது. அங்கிருந்தவர்களே அதை வாங்கி அந்த ஆண்டு முடியும் முன்பே மறுபடி திறந்தார்கள். சீஸ் சாப்பிட்டுப் பழகாத நாக்குக்கு இதில் தொடங்குவதுதான் சுலபம். ஸ்டில்டனை ஊருக்குத் திரும்பும் முன் ஒரு துண்டு பார்த்தால் போதும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய முறைச் சீஸ்களில் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். இந்த நாட்டுச் சீஸ்களில் இப்போது பல சைவ ரென்னெட்டில் செய்தவைதான். உறையில் சைவம் என்று போட்டிருக்கும், பப்பில் கேட்டால் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். அது சரியாக இருந்துவிட்டால், நான்கு சாப்பாட்டிலும் எதையும் மாற்றாமல், எதற்கும் பதில் எதுவும் வைக்காமல் ஒரு சைவர் அப்படியே சாப்பிடக்கூடியது இது ஒன்றுதான். எனக்கு இந்தக் காரணமே போதும்.

கெட்டுப்போக இதிலும் வழி இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சீஸுக்கு வாசமே இருக்காது. கல்லாக இறுகிய வெண்ணெய் ரொட்டியைக் கிழித்துவிடும். மெத்தென்ற பன் ரொட்டி சீஸோடு வாயில் களியாகிவிடும். மேல்தோல் கடிக்கச் சத்தம் வரும் ரொட்டிதான் இதற்கு வேண்டும். சமையல் இல்லாத சாப்பாடு என்பதால் பொருட்கள் சரியில்லை என்றால் மறைக்க ஒன்றுமில்லை. அதனால் கவுண்டரில் நான் கேட்பது ஒரே கேள்வி: வெங்காயம் நீங்களே போட்டதா? ஆமாம் என்று சொன்னால் மற்றதும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

குடிப்பதற்கு செடாரோடு சைடர் என்னும் ஆப்பிள் மது, பையோடு பிட்டர் என்னும் பீர் என்பது இங்கத்து வழக்கம். முழு பைண்ட் என்றால் 568 மில்லி, மதியத்தில் பாதி போதும். குடிக்காதவர்கள் லைம் சோடா கேட்கலாம், பப்பில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பானங்களில் ஒன்று, ஊறுகாய்க்கும் ஒத்துப்போகும்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போர் காலத்தில் தொடங்கி 1988 வரை, ஞாயிறுகளில் 1995 வரை, இங்கிலாந்தில் சட்டப்படி பப்கள் பிற்பகலில் மூடியாக வேண்டியிருந்தது. இப்போது வார நாள், ஞாயிறு எல்லாமே நாள் முழுக்கத் திறந்திருக்கலாம். ஆனால் கிராமத்துப் பப் சமையலறைகள் பல இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடும். நடந்து களைத்து மூன்று மணிக்குப் போனால் உருளைச் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும்.

ஆக, ஞாயிறு ரோஸ்ட்டா, சனி ப்ளவ்மன்ஸா என்பதுதான் கடைசியில் எனக்கிருந்த கேள்வி. அத்தான் மட்டும் வந்திருந்தால், பன்றியும் மசித்த ஆப்பிளும் மொறுமொறு தோலுமாக ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு உட்கார வைத்திருப்பேன். ஐந்து பேரும் ஒரே மேசையில், யாரும் யார் தட்டையும் பார்த்து ஏங்காமல் சாப்பிட வேண்டும் என்பதால் சனிக்கிழமை முடிவாயிற்று. அக்காவுக்கும் எனக்கும் வென்ஸ்லிடேலும் செடாரும், அத்தானுக்குப் பன்றித்தொடை சேர்த்த தட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பெரிய கிண்ணம் சிப்ஸ்.

நேற்று மால்ஹாம் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் பப்புக்குப் போன் செய்தேன். சீஸ் இரண்டும் சைவ ரென்னெட். சிப்ஸுக்குத் தனி எண்ணெய், மீன் அதில் போடுவதில்லை. வெங்காயம் அவர்களே போட்டதுதான், பிக்கலில்லியும் இந்த வருடம் போட்டிருக்கிறார்களாம். ஐந்து பேருக்கு வெளியே மேசை, ஒரு மணிக்கு.